ரீசெட்டைத் தேடிய விரல்: சிமுலேட்டரில் ஹெலி பழகிய ஒருவரின் நிகழ்வு ஆய்வு

ஒன்பது நொடி. ரேடியோவால் இயக்கும் குட்டி ஹெலிகாப்டரின் ஸ்கிட், அதாவது தரைக்கால், தரையை விட்டு எழும்பியதிலிருந்து பிளேடு மண்ணில் குத்தியது வரை அவ்வளவுதான். அதற்கு முன் என் தம்பி ஏழு வாரம் சிமுலேட்டரில் பழகியிருந்தான். அவன் நோட்டில் எழுதிவைத்த கணக்குப்படி 31 மணி நேரம். திரையில் ஹோவர் (காற்றில் ஒரே இடத்தில் நிறுத்துவது) அசையாமல் நிற்கும், எட்டுப் போடுவான், மெதுவாக வட்டம் அடிப்பான். பார்த்த நான்தான், "போதும்டா, இனி மைதானத்துக்குப் போகலாம்" என்றேன். அந்த முடிவு என்னுடையது என்பதால்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

தம்பி என்பது சித்தப்பா மகன். வயது 26, கை நிதானமான ஆள். நான் பதினோரு ஆண்டுகளாக ரேடியோ ஹெலி பறக்கவிடுகிறேன். அவனுக்கு ரேடியோ, அதாவது ஹெலியை இயக்கும் கைப்பெட்டி, பிடிக்கக் கற்றுக்கொடுத்தவனும் நான்தான். எனவே இதில் வரும் பிழைகளில் பாதி என்னைச் சேரும். சிமுலேட்டர் பயன்படுமா என்ற கேள்விக்கு நான் இங்கே பதில் தேடவில்லை, பயன்படும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. 31 மணி நேரத்தில் அது அவன் கைக்கு எதைப் பழக்கியது என்பதைத்தான் பார்க்க வேண்டியிருந்தது.

ஹெலியும் ரேடியோவும்

450 அளவு மின்சார ஹெலி. மெயின் பிளேடு 325 மில்லிமீட்டர், ரோட்டர் விட்டம் 71 சென்டிமீட்டர் அளவில். ஃபிளைபார் (ரோட்டரை நிலைப்படுத்தும் எடைக்கம்பி) இல்லாத வகை. மூன்று அச்சுக் கைரோ கொண்ட பெட்டி ஒன்று ஸ்வாஷ்பிளேட்டின் (பிளேடுகளின் கோணத்தை மாற்றும் தட்டு) மூன்று சர்வோக்களையும் (சிறு மோட்டார்கள்) டெயில் சர்வோவையும் ஆள்கிறது. மூன்று செல் லைப்போ பேட்டரி, 11.1 வோல்ட். ரோட்டர் வேகத்தை நிமிடத்துக்கு 2,800 சுற்றுக்கு அமைத்திருந்தேன். அந்த வேகத்தில் பிளேடு நுனி மணிக்கு ஏறத்தாழ 375 கிலோமீட்டரில் காற்றை வெட்டிக்கொண்டு போகிறது. ஒரு கிலோவுக்கும் குறைவான எடைதானே என்று இதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்பவர்கள் இந்த எண்ணை ஒருமுறை மனத்தில் நிறுத்திப் பார்க்க வேண்டும்.

ரேடியோ மோட் 2. இடது ஸ்டிக்கில் மேலும் கீழும் கலெக்டிவ் (ஏற்றி இறக்குவது), த்ராட்டில் (மோட்டார் வேகம்), பக்கவாட்டில் ரடர் (மூக்கைத் திருப்புவது). வலது ஸ்டிக்கில் எலிவேட்டரும் (முன்பின் சாய்வு) எயிலரானும் (பக்கச் சாய்வு). இதே ரேடியோவைத்தான் யூ.எஸ்.பி. டாங்கிள் வழியாகச் சிமுலேட்டருக்கும் பயன்படுத்தினான். அது மிகச் சரியான முடிவு. கேம் பேடில் பழகிவிட்டு ரேடியோவுக்கு வருபவர்கள் ஸ்டிக்கின் நீளம், ஸ்பிரிங் இறுக்கம், இடது ஸ்டிக் நடுவுக்குத் திரும்பாமல் விட்ட இடத்திலேயே நிற்பது என எல்லாவற்றையும் புதிதாகப் பழக வேண்டியிருக்கும்.

முதல் நாள் ரேடியோவைச் சிமுலேட்டரில் அளவு திருத்தி அமைத்துக் கொடுத்தபோது, திரையில் ஹெலி விழுந்தால் மறுபடி தொடங்கும் ரீசெட்டை ரேடியோவின் இடது மேல் மூலையில் இருக்கும் ஸ்பிரிங் சுவிட்சில் வைத்தேன். இழுத்துவிட்டால் தானே திரும்பிவிடும் சுவிட்ச் அது. விசைப்பலகைக்குக் கையைக் கொண்டுபோகாமல் ஆட்காட்டி விரலாலேயே முடியட்டும் என்ற எண்ணம். நானும் பல ஆண்டுகளாக அப்படித்தான் வைத்திருந்தேன்.

ஒன்பது நொடியில் நடந்தவை

காலை ஏழு மணி. திறந்த மைதானம், இலை அசையும் அளவுக்குக் காற்று. ஹெலியை எங்களுக்கு முன்னால் 12 மீட்டர் தள்ளி, டெயில் எங்களைப் பார்க்க வைத்தோம். அவனுடைய இடது தோளுக்கு ஓர் அடி பின்னால் நான் நின்றேன். நண்பர் ஒருவர் பின்னாலிருந்து கைபேசியில் படம் எடுத்தார். அந்தப் பதிவை அன்று இரவே சட்டகம் சட்டகமாக ஓட்டிப் பார்த்தோம். கீழே இருப்பது அதிலிருந்தும், என் கண்ணால் கண்டதிலிருந்தும், அவனே சொன்னதிலிருந்தும் திரட்டியது.

ரோட்டர் முழு வேகம் பிடித்தது. கலெக்டிவை மெல்ல ஏற்றினான். ஸ்கிட் லேசாகி, ஹெலி தரையில் நிற்கிறதா காற்றில் நிற்கிறதா என்று தெரியாத அந்த இடைநிலை வந்தது. அங்கேயே ஹெலி இடப்பக்கம் நழுவத் தொடங்கியது. இதில் பிழை எதுவும் இல்லை. மேலிருந்து பார்த்தால் கடிகாரச் சுற்றில் சுழலும் மெயின் ரோட்டரின் முறுக்கத்தை அடக்க டெயில் ரோட்டர் இடப்பக்கமாகத் தள்ளிக்கொண்டே இருக்கும். அந்தத் தள்ளல் முழு ஹெலியையும் இடப்பக்கம் நகர்த்தும். அதனால்தான் பெரும்பாலான ரேடியோ ஹெலிகள் ஹோவரில் சற்றே வலப்பக்கம் சாய்ந்து நிற்கின்றன. தம்பி வலது எயிலரான் கொடுத்தான். அதுவும் சரிதான், கொஞ்சம் தாமதம், அவ்வளவே.

மூன்றாவது நொடி. ஸ்கிட் மண்ணில் இழுபடுவதைப் பார்த்துப் பதறிக் கலெக்டிவைச் சட்டென்று ஏற்றினான். இடது கட்டைவிரல் நீளும்போது நேராக மேலே போகாது, வலப்பக்கமாக வளைந்துதான் போகும். ஸ்டிக்கும் அப்படியே சாய்வாகப் போனது. ரடரில் வலது கட்டளை விழுந்து மூக்கு வலப்பக்கம் திரும்பியது. டெயில் கைரோ திரும்பிய இடத்தை அப்படியே பிடித்துக்கொள்ளும் வகை. எனவே மூக்கு திரும்பி வரவில்லை. ஐந்தாவது நொடியில் ஹெலி ஒன்றரை மீட்டர் உயரத்தில், எங்களுக்குக் குறுக்காக, வலப்பக்கம் பார்த்து நின்றது.

அவன் விரலோ வலது எயிலரானை இன்னும் பிடித்திருந்தது. டெயில் நம்மைப் பார்க்கும்போது வலது சாய்வு என்றால் ஹெலி வலப்பக்கம் போகும். மூக்கு வலப்பக்கம் திரும்பியபின் அதே வலது சாய்வு ஹெலியை நம்மை நோக்கிக் கொண்டுவரும். ஹெலி வந்தது. வருவதைக் கண்டதும் அதை அப்பால் தள்ள ஸ்டிக்கை முன்னால் தள்ளினான். குறுக்கே நிற்கும் ஹெலிக்கு அந்தக் கட்டளை வலப்பக்கம் பாயச் சொல்வது. இப்போது அது எங்களை நோக்கியும் வலப்பக்கமாகவும் ஒரே நேரத்தில் சரிந்து வந்தது.

ஏழாவது நொடியில் அவன் இடது ஆட்காட்டி விரல் மேலே போனதை நான் பார்த்தேன். ஸ்பிரிங் சுவிட்சை இழுத்தது. ஒன்றும் நடக்கவில்லை. மறுபடி இழுத்தது.

எங்களுக்கு நான்கு மீட்டர் முன்னால் பிளேடு மண்ணில் குத்தியது. மோட்டார் நிற்கவில்லை, கலெக்டிவ் பாதிக்கு மேல் ஏறியே இருந்தது. "ஹோல்ட், ஹோல்ட்!" என்று கத்தி நான் கையை நீட்டி, மோட்டாரை நிறுத்தும் த்ராட்டில் ஹோல்ட் சுவிட்சை அடித்தபோது மெயின் கியரின் பற்கள் வழித்துக்கொண்டு போயிருந்தன. சேதமானவை: இரண்டு மெயின் பிளேடு, மெயின் ஷாஃப்ட், ஃபெதரிங் ஷாஃப்ட், மெயின் கியர், டெயில் பூம், ஒரு சர்வோவின் கியர். யாருக்கும் அடியில்லை. 12 மீட்டர் தள்ளி வைத்ததுதான் எங்களைக் காப்பாற்றியது, 6 மீட்டரில் வைத்திருந்தால் இந்தக் கட்டுரை வேறு மாதிரி இருந்திருக்கும்.

வெகுநேரம் அவன் பேசவில்லை. பிறகு, "அண்ணா, நான் ரீசெட் அடிச்சேன்" என்றான். குரல் நடுங்கியது. "தெரிஞ்சு அடிக்கலண்ணா. விரல் தானா போச்சு."

திரைக்கு முன்னால்

அந்த வார இறுதியில் அவன் அறைக்குப் போய், சும்மா பறக்கவிடச் சொல்லிப் பக்கத்தில் உட்கார்ந்தேன். எதுவும் சொல்லிக்கொடுக்கவில்லை. ஒரு தாளில் ரீசெட் அடிக்கும் ஒவ்வொரு முறையும் ஒரு கோடு போட்டேன், அடித்தபோது ஹெலி எங்கே இருந்தது என்பதையும் குறித்தேன்.

அரை மணி நேரத்தில் 47 கோடுகள். அவற்றில் ஹெலி தரையில் மோதியபின் அடித்தவை 11. மீதி 36 முறையும் ஹெலி காற்றில்தான் இருந்தது. கொஞ்சம் கோணிவிட்டது, மூக்கு நினைத்த திசையில் இல்லை, சற்று வேகமாகப் போய்விட்டது, அவ்வளவுதான். பாதிக்கு மேற்பட்டவற்றை ஓரளவு பழகிய கை நிச்சயமாகக் காப்பாற்றியிருக்கும். அவன் காப்பாற்ற முயலவே இல்லை. குழப்பம் தொடங்கிய மறுகணம் விரல் சுவிட்சை இழுத்துவிடும், புது ஹெலி சுத்தமாக டெயில் காட்டி நிற்கும். அவனுக்கே இது தெரியவில்லை. தாளைக் காட்டியபோது நம்ப மறுத்து, மறுபடி அரை மணி நேரம் பறந்து தானே எண்ணிப் பார்த்தான்.

கணக்கு இப்போது வேறு மாதிரி தெரிந்தது. 31 மணி நேரம் அவன் பழகியது நன்றாகப் போய்க்கொண்டிருக்கும் ஹெலியைப் பறக்கவிட. கெட்டுப்போகும் ஹெலியை மீட்கும் பழக்கம் ஒரு மணி நேரம்கூட இருக்காது. இரண்டும் ஒரே திறமையின் இரண்டு அளவுகள் என்று நான் நினைத்திருந்தேன். தனித்தனித் திறமைகள் என்று அந்தத் தாள்தான் எனக்குச் சொன்னது.

அங்கே உட்கார்ந்திருந்தபோது வேறு சிலவும் கண்ணில் பட்டன. முதலாவது, ரீசெட் அடித்ததும் ஹெலி ரோட்டர் முழு வேகத்தில் சுழல, பறக்கத் தயாராக வந்து நிற்கும். ஆகவே நின்ற ரோட்டரை மெல்ல வேகமேற்றி, ஸ்கிட் லேசாகும் அந்த இடைநிலையைக் கடந்து எழும்புவதை ஏழு வாரத்தில் அவன் சில முறைதான் செய்திருந்தான். மைதானத்தில் முதல் பிரச்சினை அங்கேதான் தொடங்கியது. இரண்டாவது, தானாகப் பெரிதாக்கும் வசதி. ஹெலி தூரம் போனாலும் திரை அதை அதே அளவில் காட்டிக்கொண்டிருந்தது. கண்ணுக்குத் தூரம் பழகவே இல்லை. மூன்றாவது, அவன் எடுத்திருந்த மாடல் 700 அளவு, பிளேடே 70 சென்டிமீட்டர். பெரிய ஹெலி நிதானமாக நிற்கும், தெளிவாகத் தெரியும். 450 அப்படியல்ல, கண் இமைப்பதற்குள் கோணும், 20 மீட்டர் தள்ளிப் போனால் மூக்கு எது வால் எது என்று புரியாது. காற்றின் வேகமும் திரையில் பூஜ்யம்.

இவை எல்லாம் சேர்ந்துதான் விழவைத்தன. ஆனாலும் என் கணிப்பில் மற்றவை சுமையைக் கூட்டின, முறித்தது ரீசெட். காற்றும் தூரமும் அளவும் அவனைக் குழப்பத்துக்குக் கொண்டுபோய் விட்டன. குழப்பத்துக்குள் போனபின் கையில் என்ன இருந்தது என்பதுதான் கேள்வி. அங்கே ஒரு சுவிட்சை இழுக்கும் பழக்கம் மட்டுமே இருந்தது.

விரல் ஏன் தானாகப் போகிறது

ஹெலி கற்பது ஏன் இவ்வளவு கடினம் என்று கேட்பவர்களுக்கு நான் ஒரு கணக்கைத்தான் காட்டுவேன். ஸ்டிக்கை அசைத்தால் ஹெலி நகராது; சாயத் தொடங்கும். விட்டால் சாய்ந்தபடியே நிற்கும், தானாக நிமிராது. சாய்வு வேகத்தைக் கூட்டிக்கொண்டே போகும். வேகம் இடத்தை மாற்றும். வெறும் 5 டிகிரி சாய்வு என்று வைத்துக்கொள்வோம். காற்றின் தடையை விட்டுவிட்டுப் பார்த்தால், ஒரு நொடியில் நகர்வது அரை மீட்டருக்கும் குறைவு. கண்ணுக்கே சரியாகத் தெரியாது. இரண்டு நொடியில் 1.7 மீட்டர். மூன்று நொடியில் நான்கு மீட்டருக்கு அருகில், வேகம் நொடிக்கு 2.6 மீட்டர். கண் "நகர்கிறது" என்று சொல்லும்போது வேலை முற்றிவிட்டது. அப்போது கொடுக்கும் எதிர்க்கட்டளை நகர்வை நிறுத்தாது, முதலில் சாய்வை மாற்றும், பிறகு வேகத்தை உண்ணும், கடைசியில்தான் ஹெலி நிற்கும். அதற்குள் பொறுமையிழந்து இன்னும் கொடுத்தால் எதிர்ப்பக்கம் ஓடும். ஆகவே நகர்வைப் பார்த்து ஓட்டுபவன் எப்போதும் பின்தங்கியே இருப்பான். சுழலும் ரோட்டர் தட்டின் சாய்வைப் பார்த்து ஓட்டுபவன்தான் நிறுத்துவான்.

சிந்தித்துச் செய்ய அங்கே நேரமில்லை. கண்டதும் கை அசைவதற்கே கால் நொடி போய்விடும். மூக்கு எந்தப் பக்கம், எனவே எந்த விரல் எந்தப் பக்கம் என்று மனம் கணக்குப் போட்டால் இன்னும் ஒரு நொடி. அந்த ஒரு நொடியில்லாமல் கையைத் தானே போகவைப்பதற்குத்தான் சிமுலேட்டரில் ஆயிரம் முறை திருப்பித் திருப்பிச் செய்கிறோம். அதுதான் அதன் பலம். குழப்பம் வந்ததும் கை என்ன செய்ததோ அதுவும் ஆயிரம் முறை பதிந்திருக்கும் என்பதை நான் யோசிக்கவில்லை. தம்பியின் விரல் பிசகவில்லை. நான் பழக்கியதை அது அப்படியே செய்தது.

இங்கே பழைய செய்தி ஒன்று நினைவுக்கு வருகிறது. விமானிகளுக்கான பயிற்சிப் பெட்டி என்றதும் முதலில் சொல்லப்படுவது லிங்க் டிரெய்னர். அமெரிக்காவில் எட்வின் லிங்க் தன் குடும்பத்தின் ஆர்கன் தொழிற்சாலையில் கற்ற காற்றுத்துருத்தி, வால்வு வித்தைகளைக் கொண்டு 1929-இல் அதை உருவாக்கினார். 1934-இல் அமெரிக்க இராணுவ விமானிகள் தபால் கொண்டுபோகும் வேலையில் மோசமான வானிலையில் அடுத்தடுத்து விழுந்து இறந்தபோதுதான் இராணுவம் அதை வாங்கியது. பெட்டிக்குள் மாணவர், வெளியே மேசையில் ஆசிரியர். மாணவர் போன பாதையைச் சிறு வண்டி ஒன்று மேசை வரைபடத்தில் மையால் இழுத்துக்கொண்டே போகும். அதற்கு நண்டு என்று பெயர். பிழை அழியாது, தாளில் கிடக்கும், இறங்கி வந்ததும் இருவரும் குனிந்து பார்ப்பார்கள். நம் வீட்டுச் சிமுலேட்டர்களின் படமும் இயற்பியலும் எங்கோ போய்விட்டன, ஆனால் அந்த நண்டை நாம் தொலைத்துவிட்டோம். ஒரு சுவிட்சில் பிழை துடைத்தெடுக்கப்பட்டுவிடுகிறது.

மாற்றியவை

முதல் வேலையாக ரீசெட்டை ரேடியோவிலிருந்து எடுத்தேன். விசைப்பலகையில் மட்டும் இருக்கட்டும் என்று, அந்தப் பலகையைத் தள்ளிவைத்தோம். நின்றுகொண்டு பறக்கவிடுபவன் இரண்டு அடி நடந்துபோய்த்தான் அழுத்த வேண்டும். நிற்பதும் புதிது. மைதானத்தில் யாரும் நாற்காலியில் உட்கார்ந்து பறக்கவிடுவதில்லை, பிறகு வீட்டில் மட்டும் ஏன்?

அடுத்தது த்ராட்டில் ஹோல்ட். இனி காப்பாற்ற முடியாது என்று தெரிந்தால், தரையைத் தொடுவதற்குமுன் ஹோல்ட் விழ வேண்டும். ஹோல்ட் இல்லாமல் பிளேடு தரையில் பட்டால் அன்றைய பயிற்சி முடிந்தது, ரேடியோவை அணைத்துவிட வேண்டும். கடுமையான விதிதான். முதல் மூன்று நாள் பத்து நிமிடத்துக்கு மேல் அவனால் பறக்க முடியவில்லை. ஐந்தாம் நாளிலிருந்து விரல் ஹோல்டுக்குப் போகத் தொடங்கியது. ஹோல்ட் போட்டால் ஹெலி தப்பிக்கும் என்பதில்லை. மோட்டார் நின்றபின் மோதும் ஹெலிக்கும், மோட்டார் இழுத்துக்கொண்டிருக்கும்போதே மோதும் ஹெலிக்கும் சேதத்தில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். ஆளுக்கு நேரக்கூடிய ஆபத்திலும் அப்படித்தான்.

ஒவ்வொரு முறை விழுந்தபின்னும் நோட்டில் ஒரு வரி: மூக்கு எந்தப் பக்கம் இருந்தது, கை என்ன செய்தது. எங்கள் நண்டு அதுதான். பத்து நாள் வரிகளைச் சேர்த்துப் பார்த்தபோது விழுந்தவற்றில் பெரும்பாலானவை மூக்கு வலப்பக்கம் பார்த்தபோது நடந்தவை. மைதானத்தில் விழுந்ததும் அந்தத் திசையில்தானே! எல்லோருக்கும் ஒரு பலவீனப் பக்கம் உண்டு, எழுதிவைக்காதவரை அது தெரிவதில்லை, தெரியாததால் கை நைசாக அந்தப் பக்கத்தைத் தவிர்த்துக்கொண்டே போகும். அதன்பின் ஒவ்வொரு நாளும் வலப்பக்க ஹோவரில் தொடங்கச் சொன்னேன்.

மாடலை 450-க்கு மாற்றினோம், தானாகப் பெரிதாக்குவதை நிறுத்தினோம், ஸ்டிக்குக்கு ஹெலி எவ்வளவு துடிப்பாக அசையும் என்பதைத் தீர்மானிக்கும் ரேட்டும் எக்ஸ்போவும் நிஜ ஹெலியில் உள்ளபடியே. காற்று நொடிக்கு 2 மீட்டர், பிறகு 3, இடையிடையே வீச்சோடு. ஒவ்வொரு பறத்தலையும் நின்ற ரோட்டரிலிருந்து தொடங்க வேண்டும்.

எனக்கு மிகவும் பிடித்த பயிற்சி இனிமேல்தான் வருகிறது. இதைத் தயங்காமல் யாருக்கும் சொல்வேன். பத்து மீட்டர் உயரத்தில் ஹோவர். கண்ணை மூடு. ஒன்று, இரண்டு என்று எண்ணு. கண்ணைத் திற. அதற்குள் ஹெலி எங்கேயாவது சாய்ந்திருக்கும், திரும்பியிருக்கும். மீட்டுக் கொண்டுவா. தொடக்கத்தில் இரண்டு எண்ணிக்கைக்கே ஹெலி போய்விட்டது. மூன்றாவது வாரத்தில் நான்கு எண்ணிவிட்டும் மீட்டான். கண் திறந்த அந்த முதல் கணத்தில் அவன் முகத்தை நான் பார்த்திருக்கிறேன்: புருவம் சுருங்கும், உதடு இறுகும், கட்டைவிரல்கள் ஒரு துளி அசைந்து ஹெலி என்ன பதில் சொல்கிறது என்று கேட்கும், அந்தப் பதிலைப் பிடித்துக்கொண்டு அடுத்த அசைவு. கேட்டுப் பிடிக்கும் இந்த வித்தையைத்தான் 31 மணி நேரமும் ரீசெட் அவனிடமிருந்து பறித்துக்கொண்டிருந்தது.

நோஸ்-இன்னுக்கு அவன் தனியாகப் பாடுபட்டான். மூக்கு நம்மைப் பார்க்கும்போது இடம் வலமாகிவிடும். "சாயுற பக்கத்துக்கு முட்டுக் கொடுடா" என்றேன். மரம் சரிந்தால் சரியும் பக்கத்தில்தானே கொம்பை நடுவோம்? ஹெலி என் வலப்பக்கம் சாய்ந்தால் எயிலரான் ஸ்டிக்கும் வலப்பக்கம் போக வேண்டும், அப்போதுதான் நிமிரும். இதை ஒரே நாளில் பிடித்துக்கொண்டான். முன்பின் அசைவுதான் வாட்டியது. நம்மை நோக்கி வரும் ஹெலியை நிறுத்த ஸ்டிக்கைத் தன்பக்கம் இழுக்க வேண்டும். உடம்பு முழுவதும் "தள்ளு" என்று கத்தும். தள்ளினால் இன்னும் வேகமாக வரும். இதை நிஜத்தில் முதல்முறை கற்கவே கூடாது. சிமுலேட்டர் இருப்பதற்கு இந்த ஒன்றே போதும் என்று சொல்வேன்.

இக்காலத்துக் கைரோ பெட்டிகள் பலவற்றில் மீட்பு வசதி இருக்கிறது. ஒரு சுவிட்சை இழுத்தால் ஹெலி தானே நிமிர்ந்து மேலே ஏறும். எங்கள் ஹெலியில் இல்லை. இருப்பவர்கள் அதைப் பெரும்பாலும் அதே ஸ்பிரிங் சுவிட்சில்தான் வைக்கிறார்கள். அப்படியானால் சிமுலேட்டரிலும் அந்தச் சுவிட்சில் மீட்பையே வையுங்கள், ரீசெட்டை அதன் பக்கமே விடாதீர்கள். ஓர் ஆபத்தில் விரல் எங்கே போகுமோ அங்கே உண்மையில் உதவுவது இருக்க வேண்டும்.

மறுபடியும் மைதானம்

ஐந்து வாரம், 19 மணி நேரம். முன்பைவிடக் குறைவான நேரம்தான். ஹெலியைச் சரிசெய்து, நான்கு கால் குச்சியும் நுனியில் பந்துகளும் கொண்ட பயிற்சிக் காலைக் கட்டினோம். ஸ்டிக் அசைந்தால் ஸ்வாஷ்பிளேட் சரியான பக்கம் சாய்கிறதா, ஹெலியைக் கையால் சாய்த்தால் கைரோ எதிர்ப்பக்கம் திருத்துகிறதா என்று பார்த்தோம். திரையில் ஹெலி எப்போதும் சரியாக அமைந்தே வரும். நிஜத்தில் இந்தச் சோதனையை விட்டால் எழும்பிய கணமே கவிழ்ந்துவிடும்.

எழும்பினான். இடப்பக்க நழுவலுக்கு வலது எயிலரான் எழும்புமுன்பே வந்துவிட்டது. ஹெலி நின்றது. அசைந்தது, ஆடியது, நான்கு மீட்டர் வட்டத்துக்குள் அலைந்தது, ஆனால் நின்றது. நான்கு நிமிட டைமர் அடித்ததும் இறக்கினான். இறக்கிவிட்டு ரேடியோவை என்னிடம் நீட்டினான், அவன் கை நடுங்கிக்கொண்டிருந்தது. "அண்ணா, கொஞ்சம் பிடிச்சுக்கங்க" என்று சொல்லித் தரையில் உட்கார்ந்துகொண்டான்.

மூன்றாம் நாள் நடந்ததுதான் இந்த ஆய்வின் மையம். நிதானமான ஹோவரில் காற்று திடீரென ஓங்கி வீசியது. ஹெலி இரண்டு மீட்டர் மேலே தூக்கப்பட்டு வலப்பக்கம் அடித்துக்கொண்டு போனது. பதற்றத்தில் பழையபடி மூக்கு வலப்பக்கம் திரும்பிவிட்டது. அதே கோணம், அதே சாய்வு, ஹெலி எங்களை நோக்கி. இம்முறை நான் கத்தவில்லை, அவன் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். வலது ஸ்டிக் இடப்பக்கம் போனது. சாய்வு நிமிர்ந்தது, வேகம் குறைந்தது. உயரம் கெட்டு ஹெலி தாழ்ந்தது. முழங்கால் உயரத்துக்கும் கீழே இறங்கியதும் ஒரு பந்து தரையில் இடறியது, ஹெலி கவிழத் தொடங்கியது. விரல் ஹோல்டுக்குப் போனது. மோட்டார் ஒலி அறுந்தது. ஹெலி பக்கவாட்டில் சாய்ந்து விழுந்தது. பயிற்சிக் காலில் இரண்டு குச்சி ஒடிந்தது, பிளேடு நுனியில் கீறல். பிளேடை மட்டும் மாற்றிவிட்டு அன்று மாலையே மறுபடி பறந்தான்.

எட்டாத இடங்கள்

இது ஒரே ஆளின் கதை. இரண்டாவது முறை மைதானத்துக்குப் போகும்போது அவன் ஒருமுறை விழுந்து பார்த்திருந்தான். அந்த விழுதலே பாதி ஆசிரியர். ரீசெட்டை முதல் நாளே எடுத்திருந்தால் முதல் ஒன்பது நொடி எப்படி இருந்திருக்கும் என்று இந்தக் கதையிலிருந்து சொல்ல முடியாது. பயிற்சிக் காலும் இரண்டாவது முறை மட்டும் இருந்தது. முதல் நாளே அதைக் கட்டாதது என் தவறு.

பயத்தைச் சிமுலேட்டர் தொடவே இல்லை. கண்ணை மூடும் பயிற்சியும், விழுந்தால் அன்றைக்கு முடிந்தது என்ற விதியும் அதன் ஓரத்தை உரசின, அவ்வளவுதான். நோஸ்-இன் திரையில் பத்து நிமிடம் நிற்கும். மைதானத்தில் அதைத் தொட அவனுக்கு மேலும் இரண்டரை மாதம் ஆனது. உயரத்தில் வைத்து, மெல்ல மெல்லக் கோணத்தைக் கூட்டி, ஒவ்வொரு முறையும் டெயில்-இன்னுக்கு ஓடிவந்து, ஒருநாள் ஓடிவராமல் நின்றான். சூரியன் கண்ணில் அடிக்கும்போது ஹெலி வெறும் கரும்புள்ளியாகிவிடுவது, பின்னால் யாரோ பேசுவது, பேட்டரி இறங்க இறங்க ஹெலி சோர்வது, இவை எல்லாம் மைதானத்தில்தான் வந்து சேர்ந்தன.

அவன் நோட்டு இப்போது இரண்டாவது. மைதானத்தில் நடப்பதற்கும் ஒரு வரி எழுதுகிறான். கடைசியாக நான் பார்த்த வரி: "மூக்கு வலப்பக்கம், 8 மீட்டர், காற்று பின்னாலிருந்து. தள்ளப் பார்த்தேன், தள்ளவில்லை." என் ரேடியோவிலும் ரீசெட்டை எடுத்துவிட்டேன். பதினோரு ஆண்டுப் பழக்கம். திரையில் ஹெலி கோணும்போது என் விரல் இன்னும் அந்த மூலைக்குப் போகிறது. அப்படி விரல் போன நாட்களை நானும் குறித்துக்கொண்டு வருகிறேன்.